அம்மாவுக்கு நீங்கள் இருந்தீர்கள்

கேள்வி:

எனக்கு 42 வயது. முக்கூடல் பக்கம் ஒரு ஊர். பீடி சுற்றுகிறேன். கணவர் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் ஒன்பதாம் வகுப்பு. என் சின்ன அண்ணனுக்கு 48 வயது. 23 வயதில் மனச்சிதைவு நோய் என்றார்கள். அம்மாதான் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். சாகும்போது "ஏட்டி, அவனக் கைவிட்டுராத" என்றாள். அதிலிருந்து நான்தான். மாத்திரையைக் கையில் வாங்க மாட்டான், விஷம் என்பான். பொடித்துக் காப்பியில் கலந்து கொடுக்கிறேன். ராத்திரி தூங்காமல் முற்றத்தில் நடந்தபடி பேசிக்கொண்டே இருப்பான். குளிக்கச் சொன்னால் சண்டை. தெருவில் எங்களுக்குக் "கோட்டிக்காரன் வீடு" (பைத்தியக்காரன் வீடு) என்றே பெயர். மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது வராதா? பெரிய அண்ணன் பம்பாயில் இருக்கிறான். போனில் "மாத்திரை ஒழுங்கா குடுக்கியா" என்று கேட்பதோடு சரி. உவரி கோயிலுக்கும் புளியம்பட்டி கோயிலுக்கும் கூட்டிப்போயாச்சு. போன மாதம் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் இருட்டியும் வரவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போகும்போது, "அப்படியே போயிட்டா நல்லதுதான்" என்று நினைத்துவிட்டேன். படித்துறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் பாவியா? ஏதாவது இல்லத்தில் சேர்த்தால் அம்மாவுக்குத் துரோகமா? நல்ல நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடியை எண்ணிக் கட்டுவான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் படித்துறை.

பாளையங்கோட்டையில் 25 வருஷத்துக்கு மேலாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். "போயிட்டா நல்லது" என்பதை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவிகள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். யாரும் முதல் தடவையே சொல்வதில்லை. மூன்றாவது நான்காவது தடவை வரும்போது, நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பாரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மறதிநோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக 1980 வாக்கில் ஸாரிட் என்பவர் உருவாக்கியது. இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் ஒரு கேள்வி, அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பது. இன்னொன்று, இவரை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதே தாளில், இவருக்கு இன்னும் கூடச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் ஒரு கேள்வி. மூன்றுக்கும் "ஆமாம்" என்று ஒரே ஆள் பதில் சொல்வது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அச்சடித்த படிவத்தில் ஏறும் அளவுக்குச் சாதாரணமான ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு மாதமாகத் தலைகுனிந்து நடக்கிறீர்கள்.

நினைப்பு ஒரு பக்கம் ஓடியது, சரி. கால் எங்கே போனது? டார்ச்சோடு படித்துறைக்குத்தான் போயிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். "அவன் போகட்டும்" என்பது "நானும் போகிறேன்" என்றோ, "ரெண்டு பேரும் சேர்ந்து போயிறலாம்" என்றோ எப்போதாவது மாறியிருக்கிறதா? எப்படி, எதை வைத்து என்ற அளவுக்கு யோசனை போயிருக்கிறதா? போயிருந்தால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கக்கூட வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவரையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். கடை வேலை காத்திருக்கும்.

அப்படியெல்லாம் இல்லை என்றால், மேலே பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது எனக்குத் தட்டுப்பட்டது ஒரு கணக்கு. "அம்மா இத்தனை வருஷம் பார்த்தாள், என்னால் ரெண்டு வருஷம்கூட முடியவில்லை" என்ற எண்ணம் வரிக்கு வரி தெரிகிறது. அம்மா தனியாகவா பார்த்தார்கள்? அண்ணனுக்கு நோய் வந்தபோது உங்களுக்கு 17 வயது. கூட்டிப்பெருக்கியது யார், அண்ணன் கத்தின ராத்திரிகளில் அம்மாவுக்குப் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தது யார், மருந்துக் கடைக்கு ஓடியது யார்? கல்யாணத்துக்கு அப்புறமும் கூப்பிட்ட தூரத்தில்தான் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. அம்மாவின் வேலையோடு, அம்மாவுக்குத் துணையாக நீங்கள் பார்த்த வேலையும் இப்போது உங்கள் தலையில். அதற்கு மேல் பீடி.

ஆகவே இல்லமா, துரோகமா என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, அந்த இரண்டாவது ஆள் யார் என்பது. ஒருவரே முழுதாகக் கிடைக்க மாட்டார். துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடியும்.

முதல் துண்டு தூக்கம். வாரத்தில் இரண்டு ராத்திரி நீங்கள் வேறு வீட்டில், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில், ஆறு மணி நேரம் தூங்க வேண்டும். அந்த ராத்திரிகளில் அண்ணனுக்குக் காதுகொடுக்க ஒரு ஆள் வேண்டும்: சித்தி மகனோ, கொழுந்தனாரோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் பாட்டியோ. அவர் முற்றத்தில் நடந்தால் நடக்கட்டும். தெருக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், கூடவே விழித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மகனை அந்த ஆளாக்காதீர்கள். 14 வயதுப் பையன் மாமாவுக்குக் காவல் இருந்து வளரக் கூடாது.

அண்ணனுடைய தூக்கத்தை நீங்கள் சரிசெய்ய முடியாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் இரண்டு தகவலை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாத்திரை எந்த நேரம் உள்ளே போகிறது என்பது ஒன்று. காலைக் காப்பியில் கலந்து கொடுத்தால் பகலில் அசந்து கிடந்துவிட்டு ராத்திரி நடக்கத்தானே செய்வார்? இன்னொன்று, ஒரு நாளைக்கு எத்தனை பீடி பிடிக்கிறார். நீங்கள் அதைப்பற்றி எழுதவில்லை, ஆனால் சுளவு (முறம்) நிறைய பீடி இருக்கும் வீட்டில் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. புகையிலைப் புகை, இந்த நோய்க்குக் கொடுக்கும் ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். பிடிக்கிறவருக்கு அளவு போதாமல் போகலாம். திடீரென்று நிறுத்தினால் அதே அளவு அதிகமாகி மயங்கி விழலாம். இதைக் கேட்காத மருத்துவர்களும் உண்டு. நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது காப்பி. உங்களைத் திட்டப்போவதில்லை, வேறு வழியில்லாமல் செய்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மாத்திரை என்ற பேரில் விஷம் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். அது நோயின் சந்தேகம். காப்பித் தம்ளரின் அடியில் வெள்ளைப் பொடியை அவர் ஒருநாள் பார்த்துவிட்டால், அதன் பிறகு அது நோய் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது உங்கள் கைச் சாப்பாடு ஒன்றுதான். போதாததற்கு, சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. எதைப் பொடிக்கலாம் என்று வீட்டில் இருந்தபடி உங்களால் சொல்ல முடியாது. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடும். மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, ஊசிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது. ஃப்ளூபெனசின் என்பது ரொம்பப் பழைய மருந்து, விலையும் குறைவு. எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்குக் கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் வரும், அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒத்துவந்தால், தினசரி இந்த ஒளிச்சுமறைச்சு வேலை உங்கள் வீட்டிலிருந்து போய்விடும்.

"வர மாட்டானே" என்பீர்கள். "உனக்குப் புத்தி சரியில்ல, வா" என்றால் யார்தான் வருவார்கள்? அவராகச் சொல்லும் குறை எதுவோ அதைப் பிடியுங்கள். தூக்கமில்லை என்கிறாரா, காதில் இரைச்சல் என்கிறாரா, கால் வலிக்கிறது என்கிறாரா, "அதுக்குப் பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். இதில் பொய் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கே வருகிறார்கள். உங்கள் பக்கத்துக்கு எந்தக் கிழமை என்று விசாரித்து வையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்தாலே அவர் மிரளுவார் என்றால் இது தோது.

இங்கே என்னைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், மகனைக் கூட்டிவந்த ஒரு அம்மாவிடம் "மாத்திரையை ஒழுங்காக் குடுத்தா ஏன் இப்படி ஆகுது?" என்று எரிந்து விழுந்தேன். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "டாக்டரு, நீங்க மாசத்துல பத்து நிமிசம் பாக்கிய. மிச்சத்த நாங்கதான பாக்கோம்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பெரிய அண்ணன் போனில் கேட்கிற அதே கேள்வியை நானும் கேட்டவன்தான்.

எங்கள் துறையே குடும்பத்தின் முதுகில் ஏறி நிற்பதுதான். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் கூட வந்தவருக்கு முதுகு வலிக்கிறதா என்று கேட்க நாங்கள் நெடுங்காலம் மறந்துவிட்டோம்.

குளிப்பதைப்பற்றி. தெருவில் கத்துவதைவிட, குளிக்காமல் பல் தேய்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் வீட்டாரை அதிகம் எரிச்சலூட்டும். கத்தினால் "நோய்" என்று புரிகிறது, உட்கார்ந்திருந்தால் "சோம்பேறி" என்று தோன்றுகிறது. இரண்டும் நோய்தான். உள்ளே இருந்து "எழுந்திரு" என்று தள்ளுகிற விசையே இந்த நோயில் தளர்ந்துபோகிறது. லண்டனில் 1950களின் கடைசியில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. வீட்டில் குத்தலும் கரிப்பும் அதிகமாக இருந்தாலும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்தாலும், மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகம் என்று அதிலிருந்து தெரியவந்தது. 1980களில் சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, லண்டன் வீடுகளைவிட நம் வீடுகளில் குத்தல் பேச்சு குறைவு என்று கண்டார்கள். நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு வீட்டில் நாலைந்து பெரியவர்கள் இருந்த காலம் அது. ஒருத்தி சலித்துப்போனால் இன்னொருத்தி எழுந்துபோய்ச் சோறு போடுவாள். உங்கள் வீட்டில் சலித்துப்போனாலும் நீங்கள்தான் எழுந்துபோக வேண்டும். சலிப்போடு போனால் வாயில் என்ன வரும்? அதனால்தான் தூக்கத்தை முதலில் வைத்தேன். நீங்கள் தூங்கினால் அவர்மேல் விழும் சொல் குறையும், சொல் குறைந்தால் அவருக்கும் நல்லது. உங்கள் ஓய்வை அவருடைய வைத்தியத்திலேயே ஒரு பங்கு என்று நான் கணக்கு வைக்கிறேன். தினமும் குளிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், கிழமை சொல்லி, ஆற்றுக்கே போகட்டும். கூட ஒரு ஆண்பிள்ளை போகட்டும்.

பம்பாய் அண்ணாச்சிக்கு வேலை கொடுக்காமல் விட்டது உங்கள் தவறு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "நீயும் கொஞ்சம் பாரு" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். எந்த வேலை, எந்தக் கிழமை, எவ்வளவு பணம் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உங்களிடம் பேச வேண்டாம், தம்பியிடம் பத்து நிமிஷம் பேசட்டும். ஊசிக்குப் போய்வரும் ஆட்டோச் செலவும், அன்றைக்கு உங்களுக்குப் போகும் பீடிக் கூலியும் அவர் கணக்கு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருவார் அல்லவா? பத்து நாள் முந்தி வரட்டும். அந்தப் பத்து நாள் தம்பி அவர் பொறுப்பு, நீங்கள் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்க் கணவரோடு இருந்துவிட்டு வாருங்கள். முதல் தடவை மறுப்பார். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

உவரிக்கும் புளியம்பட்டி அந்தோணியாருக்கும் போனதைச் சொல்லத் தயங்கி ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். தயக்கம் எதற்கு? மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கட்டிவைக்கும் இடத்தில் விடாதீர்கள், இந்த இரண்டு மட்டும்தான் என் நிபந்தனை. அந்த மாதிரி இடங்களில் போய்த் தங்கிய அம்மாக்கள் என்னிடம் சொன்னது, சாமி குணமாக்கியதைவிட, "பக்கத்துல ஒருத்தி, அவளுக்கும் இப்படி ஒரு பிள்ள" என்பதைத்தான். அந்தப் பக்கத்து ஆளை நீங்கள் ஊசிக்குப் போகும் இடத்திலும் கண்டுபிடிக்கலாம். வரிசையில் நிற்கும்போது கேட்டுப்பாருங்கள்.

இல்லம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். இல்லம் என்றதும் உங்கள் மனதில் வருவது அதுதான் என்றால் அந்தப் பயம் நியாயமானது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. வீட்டாரின் வசதிக்காக ஒருவரைக் காலம்பூராவும் அடைத்துவைக்கவும் அதில் இடமில்லை. ஆனால் நோய் முற்றித் தன்னையே கவனிக்க முடியாமலோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகவோ இருக்கும்போது, அவர் மறுத்தாலும், மருத்துவர்கள் பரிசோதித்து 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை கொடுக்க வழி வைத்திருக்கிறது. அப்படி ஒரு நிலை வந்தால் தயங்காதீர்கள், அது வைத்தியம். தனியார் இல்லம் எதையாவது பார்க்கப் போனால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லாமல் ஒருநாள் போய் நின்று, உள்ளே கூட்டிப்போகச் சொல்லுங்கள். வாசலிலேயே பேசி அனுப்பினால் அங்கே வேண்டாம். கைவிடாதே என்றுதான் அம்மா கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி பகலாக நீ ஒருத்தியே பிடித்துக்கொண்டிரு என்று கேட்கவில்லை.

மகளுக்காகக் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. தாய்மாமனுக்கு இருந்தால் நூற்றில் மூன்று நான்கு என்ற அளவு. அதாவது தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு வராது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்க வேண்டாம், முதல் வார்த்தையாகச் சொல்லவும் வேண்டாம். அதைவிட முக்கியம், மகளிடமே நீங்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? தனக்கும் வந்துவிடுமோ என்று அவள் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்று, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அட்டை வாங்கலாம். அப்புறம் என்னென்ன உதவி கிடைக்கும் என்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேளுங்கள். அலைச்சல் பிடித்த வேலை. இதையும் அண்ணாச்சி ஊருக்கு வரும்போது அவரிடமே தள்ளுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. நல்ல நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பீடியை எண்ணிக் கட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். விஷம் வைக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிற மனுஷன் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறார். எத்தனை நேரம் உட்காருகிறார், காலையிலா சாயங்காலமா, எழுந்துபோகும் முன் ஏதாவது பேசுகிறாரா? இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கட்டின கட்டுக்குக் கூலியில் ஒரு பங்கை அவர் கையிலேயே கொடுங்கள், அஞ்சு ரூபாயானாலும் சரி. முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றீர்கள். பீடி கட்டும்போது இரண்டு பேர் பார்வையும் சுளவில்தானே இருக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள்.

கட்டுக்கு 25 சரியாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து எழுதும்போது அதையும் எழுதுங்கள்.